பி.ஃபார்ம் மாணவர்களை ஆய்வக ஆராய்ச்சிக்குள் கொண்டுவருவது எப்படி: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எட்டாம் செமஸ்டர் பிராஜெக்ட் வைவா ஒன்று. ரிப்போர்ட் அழகாக பைண்டு செய்யப்பட்டிருந்தது, காலிப்ரேஷன் கிராஃபில் (தெரிந்த செறிவுகளுக்குக் கருவி காட்டும் எண்களை வைத்து வரைவது) ஆறு புள்ளிகளும் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் உட்கார்ந்திருந்தன. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மூன்றாவது புள்ளியில் விரலை வைத்து, "இந்தக் கரைசலை எப்படிம்மா தயார் பண்ணீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. நன்றாகப் படிக்கிற பெண்தான், ஆனால் அந்தக் கரைசலை அவள் தயாரிக்கவே இல்லை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரு பையன் மட்டும் யூவி கருவி (கரைசல் எவ்வளவு புறஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது) முன்னால் நின்றிருக்கிறான், இருவர் டைப் செய்திருக்கிறார்கள், ஒருவர் பிரிண்ட் எடுக்கப் போயிருக்கிறார், இவள் இன்ட்ரொடக்‌ஷன் எழுதியிருக்கிறாள். அந்தக் குழுவுக்கு கைடு நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். கல்லூரியை விட்டுப் போகும் ஒவ்வொரு மாணவரிடமும் தானே அளந்த ஓர் எண்ணாவது இருக்க வேண்டும், அது எப்படி வந்தது என்று யார் எப்போது கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பேப்பர் வெளியிடுவது, பரிசு வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு யூவி, நல்ல தராசு, டிஸ்சொல்யூஷன் கருவி (மாத்திரை கரையும் வேகத்தை அளப்பது), ஓவன், இவ்வளவுதான் இருக்கிறது என்கிற சாதாரணக் கல்லூரி ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம், படித்துவிட்டு உங்கள் சாரிடமோ மேடத்திடமோ போய்க் கேட்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தியை நினைவுபடுத்துகிறேன். 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைத் தொடர்ந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். இதே நச்சுப்பொருளால் 1972இல் சென்னையிலேயே 14 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கும் முன்னால், 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: மருந்தில் சேர்க்கும் கரைப்பான் வந்த அந்த டிரம்மைத் திறந்து ஒரு சாம்பிள் எடுத்து ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லையா? நாளை அந்த டிரம் முன்னால் நிற்கப்போவது இன்று நம் லேபில் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைதான்.

எட்டாம் செமஸ்டர் வரை காத்திருக்காதீர்கள்

பிசிஐ (இந்தியப் பார்மசி கவுன்சில்) பாடத்திட்டப்படி பிராஜெக்ட் எட்டாம் செமஸ்டரில் வருகிறது, வாரத்துக்கு 12 மணி நேரம், ஒரு குழுவில் அதிகபட்சம் 5 பேர். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தடாலஜியும் அதே எட்டாம் செமஸ்டரில்தான். கருவிகளைக் கொண்டு பகுப்பாய்வு செய்யும் பாடம் ஏழில். ஆக, எத்தனை சாம்பிள் எடுக்க வேண்டும் என்று மாணவர் வகுப்பில் படிக்கிற நேரத்தில் அவருடைய பிராஜெக்டில் சாம்பிள் எடுத்து முடிந்திருக்கும். பாடத்திட்டத்தை நாம் மாற்ற முடியாது, நம் கல்லூரிக்குள் தொடங்கும் நேரத்தை மாற்றலாம்.

நான் செய்வது இது. நான்காம் செமஸ்டர் முடியும்போது விருப்பமுள்ளவர்களைக் கூப்பிடுவேன். ஐந்து, ஆறாம் செமஸ்டர்களில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை கைப்பழக்கம் மட்டும். ஏழாம் செமஸ்டரில் கேள்வியை முடிவு செய்து சிறிய அளவில் ஒரு முன்னோட்டம். எட்டில் உண்மையான வேலை. மார்க்கை வைத்து ஆள் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லேபில் பொறுமையாக நிற்கிறவர்களுக்கும் தேர்வில் முதலில் வருகிறவர்களுக்கும் பெரிய தொடர்பு எதையும் நான் பார்த்ததில்லை. கூப்பிட்டால் முதல் சனிக்கிழமை இருபது பேர் வருவார்கள், மூன்றாவதில் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள், அந்த எட்டுப் பேர் போதும்.

முதலில் கை, பிறகு தலைப்பு

முதல் சனிக்கிழமை எந்த மருந்தும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர், ஒரு 10 மி.லி. பைப்பெட், அனலிட்டிகல் தராசு. எடையறிந்த சின்ன மூடிபோட்ட குப்பியில் 10 மி.லி. தண்ணீரை விட்டு எடை பார்க்க வேண்டும், அதையே பத்து முறை. நம் ஊர் லேபில் தண்ணீர் 30 டிகிரி அளவில் இருந்தால் 10 மி.லி. சுமார் 9.95 கிராம் காட்ட வேண்டும். ஏ கிளாஸ் பைப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.02 மி.லி. மட்டும்தான். முதல் நாளில் மாணவர்களின் எண்கள் 9.7க்கும் 10.1க்கும் இடையில் ஆடும்.

ஏன் ஆடுகிறது என்று அவர்களே தேடட்டும், நாம் பக்கத்தில் நின்றால் போதும். ஒருவர் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதி வெளியே தள்ளுவார் (ஒற்றைக் கோடு பைப்பெட்டில் ஊதக் கூடாது, நுனியைக் குப்பியின் சுவரில் தொட வைத்து எடுக்க வேண்டும், அந்தத் துளி அளவில் சேராதது). இன்னொருவர் மெனிஸ்கஸை (திரவத்தின் வளைந்த மேற்பரப்பை) மேலிருந்து குனிந்து பார்ப்பார். வேறொருவருக்கு பைப்பெட் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்து சுவரில் துளிகள் ஒட்டி நிற்கும். இதையெல்லாம் சரி செய்து, பத்து எண்களின் ஆர்எஸ்டி (சராசரியோடு ஒப்பிட்ட பரவல்) 0.5 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை அடுத்த படிக்கு அனுப்புவதில்லை. வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது, பல்ப் போட்டுத்தான், தண்ணீராக இருந்தாலும்.

கை நிலைக்கு வந்ததும் பாராசிட்டமால் மாத்திரை. எல்லாருக்கும் தெரிந்த செய்முறைதான், ஆனால் பிராக்டிகல் வகுப்பில் நாம் செய்ய வைக்காத ஒன்றை இங்கே செய்ய வைக்கலாம்: விடையை முன்கூட்டியே கணக்கிடுவது. இந்தியன் பார்மகோப்பியா (மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் நூல்) முறைப்படி 0.15 கிராம் பாராசிட்டமாலுக்குச் சமமான பொடியை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 200 மி.லி. ஆக்கி, வடிகட்டி, அதில் 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கி, திரும்பவும் அதில் 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால் கடைசியில் இருப்பது ஒரு மி.லி.க்கு 7.5 மைக்ரோகிராம். 257 நானோமீட்டரில் 715 என்ற மதிப்பை (ஒரு சதவீதக் கரைசல், ஒரு செ.மீ. பாதைக்கு உரியது) வைத்துக் கணக்கிட்டால் அப்சார்பன்ஸ், அதாவது ஒளியை உறிஞ்சும் அளவு, 0.536 வர வேண்டும். இந்த 0.536ஐ யூவி பக்கம் போவதற்கு முன்பே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இதன் அருமை தெரிய ஒரு சம்பவம். ஒரு பையனுக்கு 0.268 வந்தது. பழைய பழக்கத்தில் அதை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையின் எண்ணை எழுதப் போனான். நிறுத்தி, "0.536க்கும் இதற்கும் என்ன உறவு?" என்று கேட்டேன். சரியாகப் பாதி. ஐந்து நிமிடம் யோசித்தவன் ஓடிப் போய் ஸ்டாண்டில் இருந்த பைப்பெட்டை எடுத்துப் பார்த்தான், அது 5 மி.லி. பைப்பெட். தப்பான எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் அது கிடைக்கும் என்று அன்றைக்கு அவன் கண்டுகொண்டதை நான் ஒரு வருடம் போர்டில் எழுதிப் போட்டிருந்தாலும் அவன் மனதில் ஏறியிருக்காது.

இன்னொன்று, கண்ணாடி க்யூவெட் (கரைசலை ஊற்றி யூவியில் வைக்கும் சிறு பாத்திரம்). இந்த அலைநீளத்தில் கண்ணாடியே ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் வேண்டும். இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. பிரித்து வையுங்கள். யூவியைப் போட்டு விளக்கு நிலைக்கு வர அரை மணி நேரம் விடுங்கள், நடுவில் கரண்ட் போய் வந்தால் திரும்பவும் அரை மணி நேரம்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பெரும்பாலான பிராஜெக்ட்கள் சாகின்றன. ஏதோ ஓர் இலை, அதன் எத்தனால் சாறு, அதில் நானோ துகள், அதன் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் என்று தலைப்பு ஒரு முழ நீளம் இருக்கும். செல் கல்ச்சர் (உயிரணுக்களை வளர்த்துச் சோதிக்கும் வசதி) நம்மிடம் கிடையாது, அதனால் வெளி லேபுக்குப் பணம் கட்டி அனுப்புவோம், அவர்கள் பிடிஎஃப் அனுப்புவார்கள், மாணவர் அதை ஒட்டுவார். இலையைப் பறித்ததைத் தவிர அதில் அவர் கை பட்டது எதுவும் இல்லை.

நல்ல கேள்விக்கு என்னுடைய சோதனை எளிது. ஒரே வாக்கியத்தில் கேட்க முடிய வேண்டும், மாணவரின் அம்மாவுக்குப் புரிய வேண்டும், நம் கட்டடத்துக்குள் இருக்கும் கருவியால் அளக்க முடிய வேண்டும், பதில் 'ஆமாம்' என்று வந்தாலும் 'இல்லை' என்று வந்தாலும் பயனுள்ளதாக இருக்க வேண்டும்.

சில உதாரணங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் சென்னை ஈரப்பதத்தில் எத்தனை நாளில் எவ்வளவு சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது? ஃபெரிக் குளோரைடு போட்டால் ஊதா நிறம் வரும், நிறத்தை அளந்துவிடலாம். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் நிலவேம்புப் பொடிகளில் மண் எவ்வளவு? மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், நீரில் கரையும் பகுதி, இந்த மூன்றுக்கும் மஃபிள் ஃபர்னஸும் ஓவனும் போதும், கொஞ்சம் டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) சேர்த்துக்கொண்டால் அடையாளமும் பார்க்கலாம். முதல்வர் மருந்தகத்திலோ ஜன் ஔஷதியிலோ வாங்கிய மாத்திரையும் பிராண்டு மாத்திரையும் ஒரே வேகத்தில் கரைகின்றனவா? (டிஸ்சொல்யூஷன் செய்தால் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் பார்மகோப்பியாவான யுஎஸ்பியில் பேடில், அதாவது கலக்கும் துடுப்பு, அப்பரேட்டஸ் 2, நம் இந்தியன் பார்மகோப்பியாவான ஐபியின் பதிப்புகளில் பேடில்தான் அப்பரேட்டஸ் 1 என்று வந்திருக்கிறது. எண்ணை மட்டும் எழுதாமல் பேடில், பாஸ்கெட் என்று பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது பாதி மாத்திரை. நம் வீடுகளில் 500 மி.கி. பாராசிட்டமாலை இரண்டாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காத வீடு குறைவு. அந்தப் பாதி உண்மையிலேயே பாதிதானா? கையால் உடைத்தால், கத்தியால் வெட்டினால், மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மாத்திரை வெட்டியால் வெட்டினால், எது நேர்மையான பாதியைத் தருகிறது? இதற்கு ஐரோப்பியப் பார்மகோப்பியாவில் முறையான சோதனையே இருக்கிறது: 30 மாத்திரைகளைக் கையால் உடைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை மட்டும் எடுத்து எடை போட வேண்டும். சராசரியின் 85 முதல் 115 சதவீதத்துக்கு வெளியே ஒரு துண்டுக்கு மேல் போகக் கூடாது, 75 முதல் 125க்கு வெளியே ஒன்றுகூடப் போகக் கூடாது. ஆக ஒப்பிட ஓர் அளவுகோல் தயாராக இருக்கிறது. மூன்று வழிகள், இரண்டு பேர், ஆளுக்கு 30 என்றால் 180 மாத்திரைகள், செலவு மிகக் குறைவு. அரை மாத்திரையை அப்படியே அதே செய்முறையில் போட்டால் சரியான பாதிக்கு 0.894 அப்சார்பன்ஸ் வர வேண்டும் என்பதையும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். இதே கேள்வியை வைத்து மீதிப் படிகளைச் சொல்கிறேன்.

அனுமதிகள்

மாணவர்களே உடைத்து எடை போட்டால் சிக்கல் இல்லை. வீட்டுப் பெரியவர்களை உடைக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் மனிதர்களிடமிருந்து தரவு எடுக்கிற அந்த நொடியிலேயே நிறுவன எத்திக்ஸ் கமிட்டியின் கதவைத் தட்ட வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பு, முடிந்த பிறகு இல்லை.

விலங்குகள் வேண்டாம். விலங்கு ஆய்வுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, சிசிஎஸ்இஏ (விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழு) பதிவு என்று முறைகள் உண்டு, அவை இருக்க வேண்டியவைதான். பி.ஃபார்ம் பார்மகாலஜி பிராக்டிகலே மென்பொருளுக்கு மாறிவிட்டது, புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்மைப் பல கல்லூரிகளில் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருக்க, எலியைப் பிடித்தே பழகாத மாணவரிடம் ஆறு மாதத்தில் எலி ஆய்வு கொடுப்பது எலிக்கும் நியாயமில்லை, மாணவருக்கும் நியாயமில்லை. கிருமிகளோடு வேலை என்றால் ஆட்டோகிளேவும் அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரும் கட்டாயம் வேண்டும், கல்ச்சரை சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் சேமிப்பகமான எம்டிசிசி போன்ற இடத்திலிருந்து முறையாக வாங்குங்கள்.

பாதுகாப்பு

2008 டிசம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு ரசாயனத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் மீது அது சிந்தித் தீப்பிடித்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். பதினெட்டு நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார். இதை ஒவ்வொரு வருடமும் முதல் நாளில் சொல்கிறேன். நம் மாணவிகள் போட்டு வருகிற நைலான் துப்பட்டாவும் அப்படிப்பட்ட துணிதான், தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பருத்தி லேப் கோட், பட்டன் போட்டு. துப்பட்டா வெளியே. முடி கட்டி. செருப்பு இல்லை, ஷூ. பாதுகாப்புக் கண்ணாடி, பாராசிட்டமாலுக்கும்கூட, ஏனென்றால் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம். மாலையில் லேப் மூடிய பிறகு தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது, கூட இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். கண் கழுவும் இடத்தில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள், எத்தனையோ இடங்களில் போர்டு மட்டும்தான் இருக்கும். மெத்தனால், அசிட்டோநைட்ரைல் கழிவுகளைத் தனித்தனிக் கேனில் சேர்க்க வேண்டும், சிங்கில் ஊற்றக் கூடாது.

யார் எதைச் செய்வது

முதலில் சொன்ன வைவா கதைக்கு மருந்து இந்தப் படிதான். வேலையைப் பிரிக்காதீர்கள், சுழற்றுங்கள். இந்த வாரம் எடை போட்டவர் அடுத்த வாரம் கரைசல் தயாரிப்பார், அதற்கடுத்த வாரம் யூவி. சுவரில் ஓர் அட்டவணை ஒட்டி, ஒவ்வொரு வேலையையும் ஐவரும் குறைந்தது மூன்று முறை செய்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று வைத்தால் ஒளிய இடமில்லை. பாதி மாத்திரை ஆய்வில் இதில் இன்னொரு லாபம் உண்டு. உடைத்தவரே எடை போட்டால் தன் துண்டுகளில் நல்லதாக இருப்பதைத் தன்னையறியாமல் எடுப்பார். ஒருவர் உடைக்க, இன்னொருவர் எண் ஒட்டிக் கலந்துவிட, மூன்றாமவர் எது கத்தி, எது கை என்று தெரியாமலே எடை போட வேண்டும். இப்படிச் செய்த மாணவர்களுக்கு, 'பிளைண்டிங்' என்ற சொல் பிறகு ரிசர்ச் மெத்தடாலஜி வகுப்பில் வரும்போது விளக்கமே தேவைப்படுவதில்லை.

லேப் அட்டெண்டர் அண்ணனிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். சனிக்கிழமை சாவி அவரிடம்தான், எந்த ஓவனில் எந்த மூலை அதிகம் சுடும் என்பது அவருக்குத்தான் தெரியும். மாணவர்கள் கழுவிய கண்ணாடிப் பாத்திரங்களைத் திரும்பவும் அவர் கழுவ வேண்டிய நிலையை உண்டாக்கினால் இரண்டு வாரத்தில் உங்கள் திட்டம் நின்றுவிடும். ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை மறக்காதீர்கள். கல்லூரியில் எம்.ஃபார்ம் இருந்தால் ஒரு குழுவுக்கு ஒரு சீனியர் அக்காவையோ அண்ணனையோ சேர்த்து விடலாம், நம்மிடம் கேட்கக் கூச்சப்படுவதை அவர்களிடம் கேட்பார்கள்.

முன்னோட்டம்

ஏழாம் செமஸ்டரில் 180 மாத்திரையில் இறங்காமல் பத்தை மட்டும் உடைத்துப் பாருங்கள். எல்லாச் சங்கடமும் அந்தப் பத்திலேயே தெரிந்துவிடும். கத்தியால் வெட்டும்போது ஒரு துண்டு மேசைக்குக் கீழே பறக்கும், அதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா? மூன்றாக உடைந்தால்? மேசையில் கொட்டும் தூளை எடை போடுவதா? இதற்கான விதிகளை முன்னோட்டத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும், உண்மையான தரவு வரும்போது வசதிக்கேற்ப விதியை மாற்றக் கூடாது. உடைப்பதற்கான கோடு உள்ள மாத்திரையையும் கோடு இல்லாததையும் கலக்காதீர்கள், ஒரே பேட்ச் எண்ணில் தேவையான அளவு முழுவதையும் ஒரே நாளில் வாங்குங்கள்.

நோட்டு

துண்டுச் சீட்டில் எழுதி அப்புறம் அழகாக ரெக்கார்டில் ஏற்றுவது நம் லேப்களில் ஊறிப்போன பழக்கம். ஆராய்ச்சி நோட்டில் அது கிடையாது. பக்க எண் போட்ட கட்டு நோட்டு, பேனா, தேதி, நேரம். தராசு காட்டும் எண் நேராக நோட்டுக்குள் போக வேண்டும். தவறாக எழுதினால் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் காரணம், கையெழுத்து. ஒயிட்னர் பார்த்தால் நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. நோட்டில் மார்க் போடும்போது அழகுக்குக் கொடுக்காதீர்கள். கறை படிந்த நோட்டு, தோற்றுப்போன நாளையும் எழுதியிருக்கும் நோட்டு, அதற்குக் கொடுங்கள். மாணவர்கள் எண்களைத் திருத்துவதற்குப் பெரிய காரணம், சரியான விடைக்கு மட்டும் நாம் இரண்டு வருடமாக மார்க் போட்டுப் பழக்கியதுதான். அதனால் மாற வேண்டியது முதலில் நாம். ஒரு மாணவி 'இன்று கடைசி ஆறு துண்டுகளை எடை போடும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அந்த ஆறையும் திரும்பச் செய்தோம், அவளுக்கு முழு மார்க் போட்டேன்.

எண்களைப் பார்ப்பது

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே கரைசலை யூவியில் மூன்று முறை வைத்து மூன்று எண் எழுதி, 'மூன்று முறை செய்தோம்' என்பது. அது யூவி கருவி நிலையாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூன்று வெவ்வேறு மாத்திரைகளை எடுத்து, தனித்தனியாக எடை போட்டு, தனித்தனியாகக் கரைத்து அளந்தால்தான் அது மூன்று. இதைச் சோறு பதம் பார்ப்பதோடு ஒப்பிட்டுச் சொல்வேன்: ஒரே பருக்கையை மூன்று தடவை நசுக்கிப் பார்த்து என்ன பயன்? வேறு வேறு பானையிலிருந்து எடுக்க வேண்டாமா?

எண் வந்ததும் சராசரிக்கு ஓடாமல் முதலில் எல்லாப் புள்ளிகளையும் கிராஃப் தாளில் வைக்கச் சொல்லுங்கள். பாதி மாத்திரையில் சராசரி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், ஒரு பாதி கூடினால் மறுபாதி குறையும், இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். குழந்தை விழுங்குவது சராசரியை இல்லை, ஒரு துண்டை. அதனால் இந்தக் கேள்விக்கான விடை சராசரியில் இல்லை, பரவலில்தான் இருக்கிறது என்பதை மாணவர்களே படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து பேரில் ஒருவராவது "சார், ஆவரேஜ் சரியா இருக்கு, ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தோம், அதனால் அந்த இடத்தில் நாம் பேசாமல் இருப்பது நல்லது. எக்செல்லில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் போடுவது பத்து நிமிட வேலை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காலிப்ரேஷன் கோட்டின் ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் நேர்கோட்டில் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9999 வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் நோட்டைப் பாருங்கள். பத்து மி.லி. பைப்பெட்டோடு முட்டி மோதிய கைக்கு 0.998 வருவது இயல்பு, அதுவே போதும். கால்குலேட்டர் காட்டும் எட்டு தசம இடங்களையும் எழுத வேண்டாம், தராசு எத்தனை இடம் காட்டியதோ அதற்கு ஏற்ற அளவு போதும்.

பணம்

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் பிராஜெக்ட் திட்டத்தின் கீழ் சிறு தொகை தருகிறது. அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்து, ஏழாம் செமஸ்டரிலேயே கேள்வி முடிவாகியிருந்தால் விண்ணப்பிப்பது சுலபம், முன்னோட்டத் தரவு கையில் இருந்தால் விண்ணப்பத்துக்கும் கனம் கூடும். மற்றபடி இண்டென்ட் போட்டு ஸ்டோர்ஸில் இருப்பதை வைத்தே முடிக்கக்கூடிய கேள்விகளைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன். மாணவர்களிடம் வசூல் செய்து பிராஜெக்ட் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. பணம் கொடுக்க முடியாத பிள்ளை வாயைத் திறந்து சொல்லாது, மெல்லப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

எழுதுவதும் வைவாவும்

பிராஜெக்டுக்கு மதிப்பெண் 150, அதில் ரிப்போர்ட்டுக்கு 75, நேரில் விளக்குவதற்கு 75. அந்த இரண்டாவது 75இல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் 30. கையால் செய்த மாணவருக்கு அந்த 30 தானாக வரும். வைவாவுக்கு முந்தின வாரம் நான் ஐவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கிராஃபில் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டு, நோட்டில் அது எந்தப் பக்கம், அன்று யார் எடை போட்டார், என்ன நடந்தது என்று கேட்பேன். ஒரு புள்ளிக்குப் பதில் இல்லையென்றால் அந்த அளவீட்டைத் திரும்பச் செய்ய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

பிராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்குவது, சீனியர் ரிப்போர்ட்டில் இலையின் பெயரை மட்டும் மாற்றுவது, இதெல்லாம் நடக்கிறது, நம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தடுக்க மிரட்டிப் பலனில்லை. கேள்வி சிறியதாக, நம் லேபிலேயே செய்யக்கூடியதாக இருந்தால் வாங்க வேண்டிய அவசியமே வராது. மூன்று நாளில் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள், உங்கள் மாணவரின் பெயர் காலத்துக்கும் அதில் நிற்கும். பேப்பராக வரும் தகுதி இருந்தால், வேலை செய்த மாணவர்களின் பெயர்கள் முன்னால் வரட்டும், எதுவும் செய்யாதவர் பெயர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் வேண்டாம். பிராண்டுகளை ஒப்பிட்டிருந்தால் ஏ, பி, சி என்று குறியீடு போடுங்கள். நான்கு ஸ்ட்ரிப்பை வைத்து ஒரு கம்பெனி மாத்திரை சரியில்லை என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை. உண்மையிலேயே மோசமான எண் வந்தால் முறைப்படி மருந்து ஆய்வாளருக்குத் தெரிவிக்கலாம்.

முடிந்த பிறகு

வைவா முடிந்த மறுநாள் குழு கலைந்துவிடும், அதற்குள் இரண்டு வேலைகளை வாங்கிவிட வேண்டும். மீதமிருக்கும் மாத்திரைகளை பேட்ச் எண், தேதி எழுதிய கவரில் போட்டு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைப்பது ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில், இன்னும் ஒரு செமஸ்டர் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வரி எழுதுவது இன்னொன்று. போன வருட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'உடைத்து வைத்த மறுபாதியை மூன்று நாள் கழித்துக் கொடுக்கிறார்களே, அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?' இந்த வருடக் குழு அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பைப்பெட்டும் தண்ணீரும்.